18 நிறைந்ததும் எந்தக் காகிதத்தை முதலில் மாற்றுவது?

18 வயது நிறைந்த அன்று அரசாங்கத்திடமிருந்து உங்களுக்கு எந்தக் கடிதமும் வராது. ஆனால் அன்று காலையிலிருந்தே சட்டம் உங்களை மேஜராக நடத்தத் தொடங்கிவிடும். அதுவரை அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட்டு நடந்த வேலைகள் நின்றுபோகும். உங்கள் கையெழுத்தோ இன்னும் எந்த அலுவலகத்திலும் பதிவாகியிருக்காது. இந்த இடைவெளியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: கல்லூரி ஃபீஸ் கட்ட வேண்டிய வாரத்தில் வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கும், உதவித்தொகை வராது, பான் கார்டில் போட்டோ இருக்காது.

தமிழ்நாட்டில் என் தம்பிக்கும், அப்புறம் சித்தி மகளுக்கும் இந்த வேலைகளை அலைந்து முடித்த பிறகு எழுதுகிறேன். எதை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் இல்லை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். சில வேலைகளை 17 வயதிலேயே தொடங்கிவிட வேண்டும்.

1. பெயரையும் பிறந்த தேதியையும் ஒன்றாக்குங்கள்

உங்களிடம் உள்ள எல்லாக் காகிதங்களையும் மேஜையில் பரப்பி வையுங்கள்: பிறப்புச் சான்றிதழ், ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி., வங்கி பாஸ்புக். பெயர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

நம் ஊரில் முதல் தொல்லை இனிஷியல். மார்க் ஷீட்டில் 'கவின் எஸ்' என்றிருக்கும், ஆதாரில் 'எஸ் கவின்' என்றிருக்கும். பான் விண்ணப்பமோ கடைசிப் பெயரைக் கேட்கும், அங்கே ஒற்றை எழுத்தை ஏற்காது. அப்பா பெயரை விரித்து 'கவின் சரவணன்' என்று போட்டால் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வரும். இரண்டாவது தொல்லை ஆங்கில எழுத்துக்கூட்டல். தமிழரசன் என்ற பெயரில் வரும் ழகரத்துக்குப் பள்ளியில் 'இசட் எச்' போட்டிருப்பார்கள், ஆதார் மையத்தில் 'எல்' போட்டிருப்பார்கள். கணினிக்கு இவர்கள் இரண்டு வெவ்வேறு ஆட்கள்.

என் யோசனை இதுதான். மார்க் ஷீட்டைத் தொடாதீர்கள், அதை மாற்றுவதுதான் இருப்பதிலேயே கடினம். முதல் பெயரின் எழுத்துக்கூட்டலை மார்க் ஷீட்டில் உள்ளபடியே வைத்துக்கொண்டு, இனிஷியலை மட்டும் விரித்து ஆதார், பான், வங்கி, பாஸ்போர்ட் நான்கிலும் ஒரே வடிவமாக்குங்கள். விரித்த பெயருக்கு என்ன ஆதாரம் கேட்பார்கள் என்பதை மையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. பெயரே வேறாக இருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டியிருக்கும். அதற்கு நாளாகும், இப்போதே தொடங்குங்கள்.

ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் திருத்த முடியும், பெயரை இரண்டு முறை. அவசரத்தில் தவறாகத் திருத்தி அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள். திருத்த ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துப் போடும் முன் திரையில் உள்ளதை நீங்களே வாசித்துப் பாருங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு வரிசையில் நிற்பவர்களை அனுப்பும் அவசரம், உங்கள் பெயரைப் பற்றி அவருக்குக் கவலை இருக்காது.

2. ஆதாரில் விரல் ரேகையும் போன் எண்ணும்

சின்ன வயதில் எடுத்த ஆதாரில் கைரேகையும் கருவிழியும் 5 வயதிலும் 15 வயதிலும் புதுப்பிக்கப்பட வேண்டும். 15 முதல் 17 வயதுக்குள் செய்தால் இலவசம். தவறவிட்டால், 2025 அக்டோபரில் மாற்றிய கட்டணப்படி 125 ரூபாய். காசை விடுங்கள். ரேகை பழையதாக இருந்தால் சரிபார்ப்பு தோல்வியடையும், மற்ற எல்லா வேலையும் அதனால் நிற்கும்.

அதே நாளில் போன் எண்ணையும் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளின் ஆதாரில் அப்பா எண்தான் இருக்கும். ஓ.டி.பி. அவருக்குப் போகும், அவர் வேலையில் இருப்பார், நீங்கள் இங்கே கணினி முன்னால் காத்திருப்பீர்கள். 18க்குக் கீழ் உள்ளவர் பெயரில் சிம் தரமாட்டார்கள். அதனால் பிறந்தநாள் முடிந்ததும் உங்கள் பெயரில் ஒரு சிம் வாங்கி, அந்த எண்ணை ஆதாரில் சேர்த்துவிடுங்கள். எண் மாற்றக் கட்டணம் 75 ரூபாய். சந்தேகம் என்றால் 1947 என்ற எண்ணுக்குப் பேசலாம், தமிழிலும் பதில் சொல்வார்கள்.

3. பான் கார்டு

இங்கே இரண்டு வழி. நீங்கள் எந்த வழி என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே மைனர் பான் இருந்தால்: அதில் போட்டோவும் கையெழுத்தும் இருக்காது. அந்த அட்டையை அடையாளச் சான்றாக யாரும் ஏற்பதில்லை. புதிய பானுக்கு விண்ணப்பிக்கக் கூடாது. 'பான் விவரத் திருத்தம்' விண்ணப்பத்தில் போட்டோ, கையெழுத்து இரண்டையும் டிக் செய்து கொடுங்கள். எண் மாறாது, அட்டைதான் புதிதாக வரும். நாங்கள் கட்டியது 107 ரூபாய். இரண்டு மூன்று வாரத்தில் தபாலில் வந்தது.

இதுவரை பானே இல்லை என்றால்: ஆதாரில் உங்கள் போன் எண் இருந்தால், வருமானவரித் துறையின் தளத்தில் உடனடி இ-பான் இலவசமாகவே கிடைக்கும். மைனருக்கு இந்த வசதி கிடையாது. இதற்குப் போய் ஏஜென்ட்டிடம் 300, 500 என்று கொடுக்கிறவர்களைப் பார்க்கும்போது வயிறெரிகிறது.

பொறி எங்கே என்றால், சின்ன வயதில் அப்பா ஏதோ முதலீட்டுக்காக உங்கள் பெயரில் பான் எடுத்திருப்பார், உங்களுக்குத் தெரியாது. நீங்கள் புதிதாக ஒன்று எடுப்பீர்கள். இரண்டு பான் வைத்திருப்பதற்கு 10,000 ரூபாய் அபராதம் உண்டு. எனவே வீட்டில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று. உங்கள் பெயரில் உள்ள எஃப்.டி.யின் வட்டி 18 வரை பெற்றோர் வருமானத்தோடு சேர்ந்தது, இனி உங்கள் கணக்கில் வரும். வரி பிடிக்கும் அளவுக்கு வட்டி இருந்து, வங்கியில் பானும் கொடுக்காமல் இருந்தால் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள்.

4. வங்கிக் கணக்கை மேஜர் கணக்காக்குவது

கார்டியன் கையெழுத்தில் இயங்கிய கணக்கில் இனி கார்டியனுக்கு அதிகாரம் இல்லை. நாங்கள் வைத்திருந்த வங்கியில் 18 நிறைந்ததும் பணம் போட முடிந்தது, எடுக்க முடியவில்லை. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. கேட்டால் 'சிஸ்டம் தானா பண்ணிடும்' என்றார்கள்.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார், பான், இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பாஸ்புக், ஜெராக்ஸ் பிரதிகள். எல்லாவற்றிலும் நீங்களே கையெழுத்திடுங்கள். கார்டியனையும் கூட்டிப் போவது நல்லது, இருப்புத் தொகை சரி என்று அவரிடம் ஒப்புதல் வாங்குவார்கள். உங்கள் மாதிரிக் கையெழுத்தைப் புதிதாகப் பதிவார்கள். இனி செக், படிவம் எல்லாவற்றிலும் அதே கையெழுத்துத்தான், ஆகவே ஸ்டைலாகக் கிறுக்காமல் திரும்பத் திரும்பப் போடக்கூடியதாக ஒன்றை வீட்டிலேயே பழகிக்கொண்டு போங்கள். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

வந்த வேலையோடு நான்கையும் கேட்டு முடித்துவிடுங்கள்: புதிய ஏ.டி.எம். கார்டு, உங்கள் போன் எண், நாமினி, ஆதார் இணைப்பு. கடைசி விஷயத்தை அலட்சியமாக விடாதீர்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறவர்களுக்கும், மற்ற அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கும் பணம் ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் போகும். வேறு வங்கியில் புதிதாகக் கணக்கு தொடங்கி அங்கேயும் ஆதாரை இணைத்தால், கடைசியாக இணைத்த கணக்குக்குப் பணம் போய்விடும். பணம் வரவில்லை என்று கல்லூரி அலுவலகத்தில் சண்டை போடும் முன் அந்தக் கணக்கைப் பாருங்கள்.

18வது பிறந்தநாளுக்கும் கல்லூரி ஃபீஸ் கட்டும் கடைசித் தேதிக்கும் இடையில் ஒரு மாதம்கூட இல்லை என்றால், தேவையான தொகையைப் பிறந்தநாளுக்கு முன்பே கார்டியன் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

5. உங்கள் பெயரில் காத்திருக்கும் பணம்

பெண் பிள்ளைகள் வீட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: 'என் பெயரில் பாண்டு போட்டீங்களா?' முதலமைச்சரின் பெண் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரே பெண் குழந்தையா, இரண்டு பெண் குழந்தைகளா என்பதைப் பொறுத்து ஒரு தொகையை அரசு டெபாசிட் செய்திருக்கும். 18 வயதில் வட்டியோடு எடுக்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். டெபாசிட் ரசீதின் அசல், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், உங்கள் சொந்தக் கணக்கின் பாஸ்புக், போட்டோ இவற்றோடு மாவட்ட சமூக நல அலுவலகத்திலோ ஒன்றியத்தில் உள்ள சமூக நல விரிவாக்க அலுவலரிடமோ போங்கள். வாங்காமல் கிடக்கும் பணம் நிறைய. ரசீதை எங்கே வைத்தோம் என்று அம்மாக்களுக்கே மறந்துவிடுகிறது. ரசீது தொலைந்திருந்தாலும் போய்க் கேளுங்கள், உங்கள் பெயர் பதிவேட்டில் இருக்கும்.

செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருந்தால் 18க்குப் பிறகு அதை நீங்களே இயக்க வேண்டும், கணக்கு உள்ள தபால் நிலையத்திலோ வங்கியிலோ உங்கள் ஆவணங்களைக் கொடுங்கள். மேற்படிப்புக்காக இருப்பில் பாதிவரை எடுக்கலாம், கல்லூரி சேர்க்கைக் கடிதமோ ஃபீஸ் ரசீதோ கேட்பார்கள். கணக்கு முதிர்வது தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டில், உங்களுக்கு 21 வயதாகும்போது அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம்.

மூன்றாவது, யாரும் எளிதில் சொல்லித்தராதது. அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்து, மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இழப்பீடு கொடுத்திருந்தால், மைனர் பிள்ளைகளின் பங்கை மேஜராகும் வரை வங்கியில் டெபாசிட் செய்ய உத்தரவு போட்டிருக்கும். 18 ஆனதும் அது தானாக உங்கள் கைக்கு வராது. நீங்கள் மேஜராகிவிட்டதாக அறிவித்து, கார்டியனை விடுவித்து, பணத்தைத் தரச் சொல்லி அதே நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். வழக்கு எண், தீர்ப்பு நகல், பிறப்புச் சான்றிதழ் அல்லது டி.சி., ஆதார், பாஸ்புக் தேவை. வழக்கு நடத்திய வக்கீலின் பெயரும் போன் எண்ணும் வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் பாதி வேலை முடிந்தது.

6. நிலம் இருந்ததா? 21 வயதுக்குள் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

தாத்தா உங்கள் பெயருக்கு ஒரு இடத்தை எழுதிவைத்தார், நீங்கள் சிறுவயதில் இருந்தபோது அப்பா அதை விற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்துக் குடும்பங்களுக்குப் பொருந்தும் 1956ஆம் ஆண்டு கார்டியன் சட்டத்தின் 8வது பிரிவுப்படி, மைனரின் தனிச்சொத்தான வீட்டையோ நிலத்தையோ பெற்றோர்கூட நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. மீறி விற்றால் அந்த விற்பனையை நீங்கள் ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் மேஜரான நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதாவது 21 வயதுக்குள். 'படிப்பு முடியட்டும், வேலை கிடைக்கட்டும்' என்று தள்ளிப்போட்டால் உரிமை போயே போய்விடும்.

செய்ய வேண்டியவை. பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். விற்பனைப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். அதில் உங்கள் பெயருக்கு முன்னால் 'மைனர்' என்றும், கார்டியனாக யார் கையெழுத்துப் போட்டார் என்றும், நீதிமன்ற உத்தரவு எண் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு சிவில் வக்கீலைப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பங்கு பிரிக்காத கூட்டுக்குடும்பச் சொத்துக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. விற்றது மாமாவோ பெரியப்பாவோ என்றால் கதையும் காலக்கெடுவும் வேறு. அப்புறம், அந்தப் பணத்தில்தான் உங்களைப் படிக்கவைத்தார்கள் என்றும் இருக்கலாம். கோர்ட்டுக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள், ஆனால் பேசிப் பேசியே மூன்று வருடத்தை ஓட்டிவிடாதீர்கள்.

7. லைசென்ஸ்

16 வயதில் 50 சிசி வரையுள்ள வண்டிக்கு லைசென்ஸ் எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. கடையில் விற்கிற பெட்ரோல் ஸ்கூட்டர் எல்லாமே அதற்கு மேல்தான், எனவே பெரும்பாலானவர்களுக்கு அது உதவாது. 18 வரை காத்திருங்கள்.

காத்திருக்காமல் ஓட்டினால் என்ன ஆகும்? மைனர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. 'அவனே சாவியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்' என்றால், தனக்குத் தெரியாமல் நடந்தது என்பதைப் பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும். டியூஷனுக்குப் பைக்கில் அனுப்பும் அப்பாக்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

18 ஆனதும் பரிவாகன் தளத்திலோ இ-சேவை மையத்திலோ எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) விண்ணப்பம். ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய், மையத்தின் சேவைக் கட்டணம் தனி. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்டலாம். டூவீலர், கார் இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள், தனித்தனியாக அலைய வேண்டாம்.

8. வாக்காளர் பட்டியல்

கட்டணம் இல்லை. படிவம் 6. 17 வயது முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு தேதிகளில் எதற்குள் 18 நிறைகிறதோ அப்போது சேர்ப்பார்கள். மே மாதம் பிறந்தவருக்கு ஜூலை 1. ஹாஸ்டலில் இருப்பவர்கள் வீட்டு முகவரியிலோ ஹாஸ்டல் முகவரியிலோ பதியலாம். ஹாஸ்டல் என்றால் கல்லூரியில் போனஃபைட் சான்று வாங்க வேண்டும். இரண்டு இடத்திலும் பதியாதீர்கள், பொய்யான உறுதிமொழி கொடுப்பது ஓராண்டுவரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். விசாரிக்க 1950 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

பாஸ்போர்ட் அவசரமில்லை. மைனர் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து ஆண்டு அல்லது 18 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரைதான்; 15 வயதுக்கு மேல் எடுத்தது மட்டும் பத்து ஆண்டாகவும் இருக்கலாம். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் காலாவதித் தேதியை இன்றே பார்த்துவிடுங்கள். மேஜருக்குப் பத்து ஆண்டு பாஸ்போர்ட் சாதாரண வழியில் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000.

9. இனி உங்கள் கையெழுத்துக்கு நீங்களே பொறுப்பு

மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. நேற்றுவரை அது உங்களுக்குக் கவசம், இன்றிலிருந்து இல்லை. போனில் 'சம்மதம்' என்று தட்டி வாங்கும் லோன் ஆப் கடனும் உங்கள் தலையில்தான். கல்விக் கடன் நீங்கள் மைனராக இருந்தபோது அப்பா கையெழுத்தில் வாங்கியது என்றால், மேஜரானதும் அதை ஏற்றுக்கொள்வதாக வங்கி ஒரு கடிதம் கேட்கும். கையெழுத்திடும் முன் வட்டி விகிதத்தையும் எப்போதிலிருந்து தவணை என்பதையும் வாசியுங்கள்.

கல்லூரி வாசலில் வரும் புதுப் பொறி: 'உன் அக்கவுண்டையும் சிம்மையும் கொடு, மாதம் 5,000 தருகிறேன்.' உங்கள் கணக்கு வழியாக ஏமாற்றுப் பணம் போகும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரை. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள், சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குத் தகவல் கொடுங்கள்.

சொல்லத் தயங்கி எல்லோரும் விட்டுவிடும் ஒன்று உண்டு. உங்களுக்கு 18, நீங்கள் பழகும் பெண்ணுக்கோ பையனுக்கோ 17 என்றால், சட்டத்தின் கண்ணில் அவர் குழந்தை. போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கில் 'அவங்க சம்மதிச்சாங்க' என்பது எடுபடாது. அவருடைய ஆபாசப் படத்தை வாங்குவதும் வைத்திருப்பதும்கூடத் தனிக் குற்றம். திருமண வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. 17 வயதுப் பெண்ணைக் கட்டிக்கொள்ளும் 18 வயது தாண்டிய ஆணுக்கு 2 ஆண்டுவரை சிறை.

18க்கு முன் நடந்த ஒன்றுக்காக இப்போது அழைத்தால், சம்பவம் நடந்த நாளில் உங்கள் வயது என்ன என்பதுதான் கணக்கு. வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும். 16 வயது தாண்டிய பிறகு செய்த கொடுங்குற்றம் என்றால் மட்டும், பெரியவராக விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் மதிப்பிடும். பிறப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டு போங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100க்குப் பேசுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 18 வரை எல்லோருக்கும் இலவச வக்கீல் உண்டு. அதற்குப் பிறகும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் கிடைக்கும். மற்ற ஆண்கள் பெரும்பாலும் வருமானச் சான்றிதழ் காட்ட வேண்டும். அதைத் தாலுகா அலுவலகத்தில் வாங்க சில நாள் ஆகும் என்பதால், இ-சேவை மையத்தில் முதலிலேயே விண்ணப்பித்துவிட்டுப் போங்கள்.